பத்தொன்பது லோடு

என் தங்கச்சி பலாங்கொடையில் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, பால் பொங்கி வழிகிற நேரம் பார்த்து அந்த மனிதர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பதினோரு லோடு" என்றார். மெல்லவும் சொல்லவில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். என்ன லோடு என்று தங்கச்சியின் மாமனார் விசாரித்தார்.

"இந்த வீட்ட இடிச்சா வர்ற கழிவுங்க. நிலை, ஜன்னல், ஓடு எல்லாம் கழிச்சிட்டுத்தான் சொல்றேன்" என்று அவர் மிகவும் பணிவாக விளக்கம் கொடுத்தார்.

தங்கச்சி அழுதேவிட்டாள். அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், எனக்குப் பக்கத்துக் காம்பரா, நடுவில் ஒரே சுவர், கூப்பிடாமல் எப்படிப் போவது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், "ஏண்ணே, ஒங்க வாயில நல்லதே வராதா? நல்ல நாளும் அதுவுமா வந்து எழவுப் பேச்சா பேசுறீங்க?" என்று பிடி பிடி என்று பிடித்தேன்.

"நான் என்ன தங்கச்சி கெட்டது சொல்லிட்டேன்? கட்டும்போது மணல் எங்க, கல்லு எங்க, கம்பி எங்கன்னு தேடாத எடம் இல்ல. ஒடைக்கும்போது எங்க கொண்டு போயி போடுறதுன்னு ஒரு ஆளாச்சும் யோசிக்கிறாங்களா?"

அப்படிச் சொல்லிவிட்டு, பாயாசம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. தங்கச்சிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு கப் ஊற்றிக் கொடுத்தாள்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் தோட்டத்தில் எங்கள் பகுதியான டிவிசனில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு லோடு அண்ணன், பிள்ளைகளுக்கு லோடு மாமா. மலைக்குக் கீழே இருக்கிற டவுன் சபையில் அவருக்கு வேலை. அந்தச் சின்ன டவுன் அப்போது மடமடவென்று வளர்ந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த ஓட்டுக் கடைகளை எல்லாம் உடைத்து மூன்று மாடி, நாலு மாடி எழுப்பினார்கள். உடைத்ததைக் கொண்டுபோய் ஆற்றோரத்தில் கொட்டினார்கள். ஒரு பெருமழைக்கு ஆறு எழும்பி வந்து புதுக் கடைகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் சபைக்குப் புத்தி வந்தது. இனி யார் எதை உடைப்பதென்றாலும் எத்தனை லோடு வரும், அதை எங்கே போடுவது என்று எழுதினால்தான் அனுமதி. போய் அளந்து எழுத ஓர் ஆள் வேண்டும். இவர் ஓ லெவல் கணக்கில் நல்ல பாஸ், சிங்களமும் சரளம். தற்காலிகம் என்று சொல்லி எடுத்தார்கள். ஒன்பது வருஷம் தற்காலிகமாகவே இருந்தார்.

அவருடைய ஒரு லோடு என்றால் ஒரு டிரக்டர் பெட்டி நிறைய. சுவரின் நீளம், உயரம், கனம் மூன்றையும் பெருக்கி, கதவு ஜன்னலுக்குக் கழித்து, வருகிறதை ஒன்றரையால் பெருக்குவார். அந்த ஒன்றரைதான் அவருக்கு வேதம். நிற்கிற சுவர் அடக்கமாக நிற்குமாம், விழுந்தால் கைகாலைப் பரப்பிக்கொண்டு ஒன்றரை மடங்கு இடம் கேட்குமாம். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு நாள் வந்து, சின்னப் பிள்ளைகள் அடுக்கி வைத்திருந்த மரக்கட்டைகளை அளந்தார். பிறகு அவரே தட்டிவிட்டு, சிதறியதைக் கூட்டிக் குவித்து அளந்தார். "பாத்தீங்களா, ஒண்ணரை" என்று அவர் முகமெல்லாம் பல்லாக நின்றார். நாலு பிள்ளைகள் வீறிட்டு அழுதன. அந்த நாலையும் சமாதானப்படுத்த எனக்கு மத்தியானம் வரைக்கும் ஆனது.

ஒன்றரையை மனிதர்களுக்கும் போட்டுப் பார்ப்பார். எங்கள் லயத்தில் ஒரு புருஷன் பெண்சாதி சண்டை போட்டுப் பிரிய இருந்தபோது ஊரே கூடிப் புத்தி சொன்னது. ஒன்றும் எடுபடவில்லை. இவர் போய், "பிரியிறது ஒங்க இஷ்டம். ஆனா சேந்து இருக்கயில ஒரு காம்பரா போதுது, பிரிஞ்சா ஒண்ணரை வேணும். அந்த அரைக் காம்பராவுக்கு எங்க போவீங்க?" என்றார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து இவரைத் திட்டினார்கள். திட்டி முடித்த கையோடு ஒன்றாகவே சோறு தின்றார்கள், இன்றைக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கோயில் கதை இதைவிட மோசம். கும்பாபிஷேகத்துக்குப் பெயின்ட் எல்லாம் அடித்து முடித்து, தோட்டத்துத் தலைவர் கொஞ்சம் பெருமையாக, "எப்பிடி இருக்கு நம்ம கோயில்?" என்று இவரிடம் கேட்டுவிட்டார். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டால் என்ன வரும்? இவர் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமியோட சேத்தா ஆறு லோடு. சாமி இல்லாம அஞ்சே முக்கால்" என்றார். கமிட்டி கூடி மூன்று மாதம் கோயில் பக்கம் வரக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அவர் வருத்தப்பட்டது தள்ளிவைத்ததற்காக இல்லை. அம்மன் சிலையைக் கால் லோடு என்று சொன்னது கூடுதலோ என்றுதான் வாரக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டால் ஏதோ கல் நெஞ்சுக்காரர் என்று தோன்றும். கடைசிக் காம்பராவில் தனியாக இருந்த ஒரு கிழவியின் குசினிச் சுவர் அடைமழையில் விழுந்தபோது, யாரும் கூப்பிடாமல் மண்வெட்டியோடு போய் நின்றவர் அவர்தான். இரண்டு நாள் லீவு போட்டு, தனியாளாக அத்தனையையும் அள்ளி ஓரமாகப் போட்டார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, "ஒங்க மனசு யாருக்குண்ணே வரும்?" என்றேன். உண்மையாகவே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ, "அட நீங்க வேற தங்கச்சி, இந்தச் சொவத்துக்கு ரெண்டு லோடுன்னு போன வருசமே எழுதி வச்சிருந்தேன். ரெண்டே கால் வந்துருச்சு. அந்தக் கால் எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாம எப்பிடி வீட்டுக்குப் போறது?" என்றார். சுவருக்குள் ஒரு பழைய அடுப்பை வைத்துப் பூசியிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் தேத்தண்ணியைக் குடித்தார்.

பிறகு எங்கள் லயத்துக்கே முறை வந்தது. ஆறு காம்பரா லயம். மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, இனி இங்கே இருக்கக் கூடாது என்று அளக்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். ரோட்டுக்கு மேலே எங்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். டவுன் ஓரத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், யாரோ மாணிக்கம் தோண்டிவிட்டு மூடாமல் போன குழி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதில் ஒரு மாடு விழுந்து செத்திருந்தது. லயத்தை உடைத்த கல்லையும் மண்ணையும் கொண்டுபோய் அந்தக் குழியை மூடுவது என்று தோட்டமும் சபையும் பேசி முடித்தார்கள்.

இவர் குழியை அளந்தார், பத்தொன்பது லோடு. லயத்தை அளந்தார், பத்தொன்பது லோடு. அன்று அவர் மலையேறி வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "தங்கச்சி, ஜாதகம் பாத்தா மாதிரி பொருந்தி வந்துருக்கு! ஒரு கல்லு கூடாது, ஒரு கல்லு கொறையாது!" என்று என் காம்பரா வாசலில் நின்று கத்தினார். சபைக்குப் புதிதாக வந்திருந்த லொக்கு மாத்தியா, அதாவது அவர்களுடைய பெரிய அதிகாரி, இந்த ஒரு கணக்கு சரியாக வந்தால் அவரை நிரந்தரமாக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார். லோடு அண்ணனின் சம்சாரம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், அதிகம் பேசாதவள். அந்த வாரம் அவளே மலையில் பாட்டுப் பாடினாள்.

பெக்கோ மெஷின் வந்து ஒரே நாளில் லயத்தைத் தள்ளிவிட்டுப் போனது. அள்ளிக்கொண்டு போக டிரக்டர் மட்டும் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

இப்போது எங்கள் புது வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு என்னவோ நல்ல வீடுதான். சரிவில் கட்டியிருந்தார்கள். வாசல் தரைக்கு மேலே நாலு அடி உயரத்தில் இருந்தது. படி கிடையாது. படி உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டுக்குக் கொட்டில் இல்லை, துணி தப்பக் கல் இல்லை, பின்னால் மண் சரியாமல் இருக்க ஒரு கட்டு இல்லை. கீழே நாங்கள் பிறந்து வளர்ந்த காம்பராக்களின் கல் சும்மா கிடக்கிறது. தோட்டத்து ஆட்கள் என்ன செய்வார்கள்? அவரவர் காம்பராக் கல்லை அவரவர் எடுத்தார்கள். அடுத்த காம்பராக் கல்லை ஒருவரும் தொடவில்லை, அது எங்களிடம் எழுதாத சட்டம். எனக்கும் அவருக்கும் நடுவிலிருந்த சுவரை அவர் சம்சாரமும் நானும் ஒன்றுவிட்டு ஒரு கல்லாகப் பிரித்துக்கொண்டோம். அவர் காலையில் டவுனுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். வந்து தன் வீட்டுப் புதுப் படியில் ஏறித்தான் உள்ளே போனார். அந்தப் படி எங்கிருந்து வந்தது என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. உலகத்துச் சுவரை எல்லாம் தட்டிப் பார்க்கிறவர், தன் வீட்டுப் படியைத் தட்டிப் பார்க்கவில்லை.

டிரக்டர்கள் வந்த காலையில், தோட்டத்தில் சுத்தமாக வைக்கச் சொன்னார்களே என்று நான் அந்த இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நாலு டிரக்டர். முன்னால் வந்த டிரைவர் இறங்கி, வெறும் தரையைப் பார்த்து, "கோ?" என்றான். எங்கே என்று கேட்கிறான். பின்னால் இறங்கி வந்த லோடு அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். மூலையில், ஒன்றுக்கும் உதவாத சுண்ணாம்புப் பொடியும் உடைந்த ஓடுமாக ஒரு வீல்பேரோ, அந்த ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, கொள்கிற அளவு இருந்தது. நான் கூட்டிக் குவித்தது. அவர் டேப்பை எடுத்து அதை அளந்தார்.

அந்த வாரமே கடிதம் வந்துவிட்டது. இல்லாத பத்தொன்பது லோடை இருக்கிறது என்று எழுதி டிரக்டர்களை அலைக்கழித்திருக்கிறார், விசாரணைக்கு லொக்கு மாத்தியா நேரிலேயே வருவார், கணக்குக்கு விளக்கம் சொல்ல முடியாவிட்டால் வேலை இல்லை. அவர் சம்சாரம் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். நான் உட்கார்ந்து வாசித்ததே அந்த லயத்துக் கல்லில் கட்டிய படியில்தான்.

தலைவர் கூட்டம் போட்டார். "இதுல என்னாங்க கஷ்டம்? எல்லாரும் கல்லத் திருப்பிக் கொண்டு போயி போட்ருவோம். அந்த மாத்தியா வந்து பாத்துட்டுப் போகட்டும். போனதும் எடுத்துக்கிருவோம்."

"கட்டுன படிய ஒடைச்சாங்க?" என்று நான் கேட்டேன்.

"ஆமா. ஒடைச்சுத்தான்."

லோடு அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்கிறத ஒடைச்சு கழிவு காட்டுறதா? அது எப்பிடிங்க?" என்று தலையை ஆட்டினார். சம்சாரம் ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மூன்று நாள், டிவிசனே கல் சுமந்தது. ஆடுகளை அடைக்க இடமில்லாமல் அவை தேயிலைக்குள் போய்த் தோட்டத்து மேனேஜர் துரையின் நாயோடு சண்டை பிடித்தன. படியை உடைத்ததும் என் மாமியார் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "என்னைய எறக்கி விடுங்கடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் நாற்காலி போட்டு ஏறி அவருக்குச் சோறு கொடுத்தேன்.

ஆனால் கல் சேரச் சேர லோடு அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. டேப்பும் கையுமாகக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். பத்து ஆனது, பதினைந்து ஆனது. எங்கள் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே, உதவி என்று வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. மற்ற லயத்து ஆட்களும் சும்மா வருவானேன் என்று வீட்டில் கிடந்த உடைந்த சிமெந்துத் தொட்டி, வெடித்த கக்கூஸ் கோப்பை, பழைய கொங்கிரீட் தூண் எல்லாம் கொண்டுவந்து போட்டார்கள். இருபத்திரண்டுக்குப் போய்விட்டது. "போதும்! போதும்! பத்தொம்பதுதாங்க கணக்கு! எடுங்க, எடுங்க!" என்று இவர் குறுக்கே விழுந்தார். "கூட இருந்தா நல்லதுதானே" என்று தலைவர் வாதாடினார். "கூட இருந்தாலும் தப்புதாங்க" என்று கக்கூஸ் கோப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் சொந்தக்காரரைத் தேடி மலையெல்லாம் அலைந்தார். ஒருவரும் அதைத் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தன் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

லொக்கு மாத்தியா வந்தார். நல்ல மனிதர், முகத்திலேயே தெரிந்தது. இரண்டு ஆட்களை வைத்து அளந்தார். பத்தொன்பது. திரும்பவும் அளந்தார். பத்தொன்பது. "அன்னைக்கு டிரைவர்மார் தப்பான எடத்துக்குப் போயிருப்பாங்க போல" என்று சிங்களத்தில் சொல்லி, லோடு அண்ணனின் தோளில் தட்டினார். "நாளைக்கு ஒப்பீசுக்கு வா. நிரந்தரக் கடிதம் அடிக்கச் சொல்றேன்." சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் கண்ணைச் சிமிட்டினார்.

அப்போதுதான் கீழே டிரக்டர் சத்தம் கேட்டது. நாலு டிரக்டர், பத்துப் பதினைந்து ஆட்கள்.

"ஒங்களுக்கு எதுக்கு இன்னொரு நாள் தொல்லை? கையோட கூட்டிட்டு வந்துட்டேன். ரெண்டு நாள்ல முடிச்சிருவாங்க" என்றார் மாத்தியா.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓர் ஆள் குவியலிலிருந்து ஒரு தட்டைக் கல்லைத் தூக்கினான். அது என் மேல்படி. லோடு அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஆளிடம், "அதக் கீழ வையி" என்று சிங்களத்தில் சொன்னார். மாத்தியாவின் பக்கம் திரும்பினார்.

"மாத்தியா, இது கழிவில்லைங்க."

"பின்ன என்ன?"

"இது இந்தத் தங்கச்சி வீட்டுப் படிங்க. அந்தப் பக்கம் கெடக்கிறது ஒரு ஆட்டுக் கொட்டில். இது துணி தப்புற கல்லு, பாருங்க, சவுக்காரம் ஒட்டிக்கிட்டு இருக்கு. எல்லாம் எனக்காகக் கொண்டாந்து போட்டாங்க."

மாத்தியாவுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை போல இருந்தது. "அப்ப நீ எழுதினது பொய்யா?"

"கணக்கு சரிங்க மாத்தியா. கழிவுதான் இல்ல."

"குழிய எதை வச்சு மூடுறது?"

எங்கே போடுவது என்று ஊரையே கேட்டவரிடம், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எதைப் போடுவது என்று இன்னொருவர் கேட்கிறார். மாத்தியா ஒரு படிவத்தை நீட்டி, உள்ளதை எழுதச் சொன்னார். இவர் அதை முழங்காலில் வைத்து, ஒரு வீல்பேரோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாத்தியா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஒரு வீல்பேரோவை ஒரு டிரக்டரில் போட்டார்கள். மற்ற மூன்றும் வெறும் பெட்டியோடு அதன் பின்னால் இறங்கிப் போயின. இப்போது அவர் எம்பிலிப்பிட்டியப் பக்கம் பழைய கட்டடம் உடைக்கிற ஒரு கொந்தராத்துக்காரரிடம் சம்மட்டி அடிக்கிறாராம். சம்சாரமும் கூடவே போய்விட்டாள்.

அன்று மத்தியானமே நாங்கள் கல்லைத் திருப்பிச் சுமக்கத் தொடங்கினோம். மழை வருகிற மாதிரி இருந்தது. மாமியார் உள்ளே இருந்தார். வேலை போன அந்த மனிதர் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவருடைய கல்லாகப் பார்த்து எடுத்துத் தலையில் தூக்கி வைத்தார். என் முறை வந்தபோது மேல்படிக் கல்லைத் தூக்கி வைத்து, "பாத்துப் போங்க தங்கச்சி, வழுக்கும்" என்றார்.

மாத்தியா படிவத்தை நீட்டியதற்கும் இவர் கையெழுத்துப் போட்டதற்கும் நடுவில் நல்ல நேரம் இருந்தது. 'கல்லை எடுத்துக்கிட்டுப் போங்க மாத்தியா, நாங்க வேற பாத்துக்கிறோம்' என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இந்த டிவிசனில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.